பனைக்கு யார் காவல்?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, முதல் மணி அடித்து நாம் வகுப்பினுள் நுழைந்தபோது, பையன்களில் ஒருவன்கூடத் தன் இடத்தில் இல்லை. எல்லோரும் கீழ்ப்புறத்து ஜன்னலண்டை கூடி நின்றார்கள். அதட்டுவதற்காக வாயைத் திறந்த நாமும் அவர்கள் பார்த்த காட்சியைப் பார்த்துவிட்டு அதட்ட மறந்தோம். குளக்கரையில் ஒரு லாரி நின்றது. அதனருகில் பனைமரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. பனை சாயும்போது வேம்பைப் போலவோ புளியைப் போலவோ கிளைகள் முறியும் ஆரவாரம் எழுவதில்லை. கொண்டை ஒரு முறை அசையும், பிறகு பொத்தென்று ஒரே ஓர் ஓசை, அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஒன்பது மரங்கள் துண்டுகளாகி, செங்கற் சூளைக்குப் போய்ச் சேர்ந்தன.

தூத்துக்குடிச் சீமையிலே பனை வெட்டுவது புதிய சமாசாரமா என்று நேயர்கள் கேட்கலாம். புதிதன்று. ஆனால் அன்றைக்கு ஒரு மாணவன் எழுந்து கேட்ட கேள்விதான் புதிது. "ஸார், இந்த மரமெல்லாம் போய்விட்டால், வேறே தேசத்திலேயாவது பனை இருக்குமா?" என்றான் அவன். அன்றைய பாடத்தை மூடி வைத்துவிட்டு, சுவரில் பூகோளப் படத்தை மாட்டினோம். அந்த ஒரு மணி நேரத்துப் பேச்சையும், அதன் பின் விளைந்ததையுமே இவ்வாரம் நேயர்கள் முன் வைக்கிறோம்.

பனை என்பது ஒரு மரமன்று, ஒரு குடும்பம். ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி லின்னேயஸ் 1753-ஆம் வருஷத்தில் நம் பனைக்கு 'பொராஸ்ஸஸ் பிளாபெல்லிபர்' என்று நாமகரணம் செய்தார். பின்சொல்லுக்கு 'விசிறி தாங்கி' என்று பொருள். ஓலையைப் பார்த்தவர் வேறெந்தப் பெயரை வைப்பார்! முன்சொல் குலப் பெயர். அந்தக் குலத்தில் இன்று ஐந்து இனங்களைத் தாவர சாஸ்திரிகள் ஒப்புக்கொள்கிறார்கள். ஐந்தும் வெப்ப மண்டலத்தைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்காவின் மேலைக் கடற்கரையிலிருந்து நியூகினித் தீவு வரையில், பூமிக்கு அரைஞாண் கட்டினாற்போல, இவை பரவிக் கிடக்கின்றன.

முதலாவது ஆப்பிரிக்கப் பனை. ஸெனகலிலிருந்து எத்தியோப்பியா வரையிலும், தெற்கே தென்னாப்பிரிக்காவின் வட எல்லை வரையிலும், புல்வெளிகளிலும் ஆற்றோரங்களிலும் இது ஓங்கி நிற்கிறது. நம் பனை அடிமுதல் நுனிவரை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். ஆப்பிரிக்கப் பனையோ இடைக்கு மேலே சற்றுப் பருத்து, மறுபடியும் மெலியும். அந்நாட்டில் இதன் விதையை விதைப்பவன் குடியானவன் அல்லன், யானை. பழத்தின் மணம் கண்டு வந்து தின்னும் யானை, கொட்டையைச் சுமந்து சென்று எங்கோ தொலைவில் சாணத்தோடு இட்டுவிட்டுப் போகிறது. எருவும் அதுவே, உழவும் அதுவே. யானை மறைந்துவிட்ட பிரதேசங்களில் தாய் மரத்தின் அடியிலேயே விழுந்து கிடப்பதன்றிப் பழத்துக்கு வேறு கதியில்லை. பெனின் தேசத்தில் ஜனங்கள் பழங்களைப் புதைத்து, முளைத்து வரும் கிழங்கைத் தோண்டித் தின்கிறார்கள், சந்தையிலும் விற்கிறார்கள். இதைச் சொன்னதும், "நம்ம பனங்கிழங்கு!" என்று வகுப்பே கூவிற்று. ஆம், அதேதான். ஆனால் காட்டில் விழும் பழங்களையெல்லாம் கிழங்குக்கென்று பொறுக்கிவிட்டால், அடுத்த தலைமுறை மரம் எங்கிருந்து வரும்? ருசிக்கும் சந்ததிக்கும் இடையே உள்ள இந்த வழக்கு அங்கும் நடக்கிறது.

இரண்டாவது இனத்தின் கதை சற்று விநோதமானது. மேற்கு ஆப்பிரிக்காவில், முக்கியமாக புர்க்கினா பாஸோ தேசத்தின் மேற்குப் பகுதியில், ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாறு இறக்கி வந்த ஒரு பனையை வெளியுலகம் ஆப்பிரிக்கப் பனை என்றே எண்ணிக் கொண்டிருந்தது. அது தனி இனம் என்று சாஸ்திரிகள் கண்டுகொண்டு பெயரிட்டது 2006-ஆம் வருஷத்தில்தான். ஐவரி கோஸ்ட் தேசத்துத் தாவர அறிஞர் ஆக்கே ஆஸி அவர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இத்தனை உயரமான மரம் ஒன்று, ஆயிரக்கணக்கான பேர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தும், அறிவாளிகளின் கண்ணில் இத்தனை காலம் படவில்லை! மரமேறுகிறவனைக் கேட்டிருந்தால் முன்னமே சொல்லியிருப்பானோ, என்னவோ!

மூன்றாவது மடகாஸ்கர் தீவின் மேற்குப் பகுதியில் மட்டுமே உள்ளது. காடு அழிந்து வருவதால் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் இதனை அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். நான்காவது நியூகினியின் வட பகுதியில் உள்ளது. மற்ற நான்கும் வெயிலையும் வெட்டவெளியையும் நாடும்போது, இது மட்டும் மழைக்காட்டின் நிழலில் வாழ்கிறது. காட்டுக்குக் கேடு வந்தால் அதற்கும் கேடு.

ஐந்தாவது நம்முடையது. நம்முடையது என்று சொல்கிறோமேயன்றி, தமிழனுக்கு மாத்திரம் அது பட்டா எழுதிக் கொடுக்கப்படவில்லை. ஆந்திரம், ஒரிஸா, வங்காளம், பர்மா, சயாம், கம்போடியா, ஜாவா என்று அதன் ராஜ்யம் நீளுகிறது. கம்போடியர் 2005-ஆம் வருஷத்தில் அதனைத் தங்கள் தேசிய விருட்சமாகவே பிரகடனம் செய்தனர். அங்கோர் வாட் ஆலயத்தின் படத்தைப் பார்த்தவர்கள் கோபுரங்களுக்கருகே நிற்கும் பனைகளையும் பார்த்திருப்பார்கள். இந்தோனேஷியாவில் ரோத்தே, ஸாவு என்று இரண்டு சிறு தீவுகள் உண்டு. மழை குறைந்த அந்தத் தீவுகளில் ஜனங்கள் பஞ்சம் தெரியாமல் பிழைத்தது பனஞ்சாற்றைக் காய்ச்சிய பாகினால் என்று, 1977-ல் ஜேம்ஸ் பாக்ஸ் என்ற அறிஞர் ஒரு நூலே எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தைப் பற்றி நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒடியலும் பனாட்டும் இல்லாமல் அந்த நாடு இல்லை. 1983 முதல் 2009 வரையில் நடந்த யுத்தத்தில் குண்டுக்கு இரையானவையும், பதுங்கு குழிக்குக் கூரையாக வெட்டப்பட்டவையும் போக எஞ்சிய பனைகளே இன்று அங்கு நிற்கின்றன.

இங்கே ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். மற்ற நான்கு பனைகளும் பெரும்பாலும் தாமாகவே வளர்பவை. நம் பனையோ மனிதனோடு கூடவே நடந்து வந்தது. மனிதன் குடியேறிய இடமெல்லாம் அவன் கொட்டையை ஊன்றினான் என்றும், ஆப்பிரிக்கப் பனையின் வழியிலேயே நம் பனை தோன்றியிருக்கலாம் என்றும் கருதும் ஆராய்ச்சியாளர் உண்டு. அது எப்படியாயினும், ஆப்பிரிக்கப் பனைக்கு யானை செய்யும் உபகாரத்தை நம் பனைக்கு மனிதன் செய்திருக்கிறான் என்பதில் ஐயமில்லை. ஆகவே யானை போனால் அதற்கு என்ன கதியோ, மனிதன் கைவிட்டால் இதற்கும் அதே கதி.

பனை பிறக்கும் விதமே ஓர் அதிசயம். மற்ற விதைகள் முளைத்தால் மேலே எட்டிப் பார்க்கும். பனங்கொட்டையோ முதலில் பூமிக்குள்ளே ஒரு குழாயைச் செலுத்துகிறது. கருவை அந்தக் குழாயின் நுனியில் வைத்து, ஒரு முழத்துக்கும் கீழே பத்திரமாகக் கொண்டு சேர்த்த பின்புதான் மேலே தளிர் விட எண்ணுகிறது. காட்டுத்தீ மேலே எரிந்து போகட்டும்; ஆடு மேயட்டும்; கோடை காயட்டும்; கீழே கரு சுகமாக இருக்கும். அதனால்தான் பனையை நாற்றாகப் பெயர்த்து நடுவது கடினம். எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே கொட்டையைப் புதைக்க வேண்டும். புதைத்துவிட்டுப் பொறுத்திருக்கவும் வேண்டும். வடலியாகி, மரமாகி, பாளை தள்ளுவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது வருஷம் வரை ஆகும். அதற்கு முன் அது ஆணா பெண்ணா என்பதைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. திருவோத்தூரில் ஆண்பனைகளெல்லாம் காய்க்கும்படி ஞானசம்பந்தர் பாடினார் என்ற வரலாற்றைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பனை ஊன்றிப் பல வருஷம் காத்திருந்து, அத்தனையும் ஆணாய்ப் போன குடியானவனின் மனவேதனையை அறிந்தவர்களுக்கே அந்தக் கதையின் அருமை விளங்கும்.

இன்னொன்று. தென்னையைப் போலவே பனைக்கும் உயிர்நிலை ஒன்றே. உச்சிக் குருத்துப் போனால் மரம் போயிற்று. வேம்பைப் போல வெட்டிய அடியிலிருந்து துளிர்க்காது. ஆக, வெட்டுவதற்கு அரை நாழிகை. மறுபடி உண்டாக்க அரை ஆயுள்.

இப்படிப்பட்ட மரத்தை நம் முன்னோர் ஏன் ஊன்றினார்கள்? பாலுக்கும் பழத்துக்கும் மாத்திரமன்று. சேர மன்னர் பனம்பூ மாலையை அடையாளமாகச் சூடினர். தமிழ் நூல்கள் ஓலையில் வாழ்ந்தன. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் ஊர் ஊராய்த் திரிந்து சுவடி தேடி, 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1892-ல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றினார் என்றால், அவர் கைக்கு அவை வந்து சேரும்வரை தாங்கி வந்தது பனையின் ஓலையல்லவா? இன்றைக்கும் குளக்கரையில் மண் கரையாமல் அதன் சல்லிவேர் பிடித்து நிற்கிறது. மட்டையில் தூக்கணாங்குருவி கூடு கட்டித் தொங்கவிடுகிறது. ஓலையின் அடிப்புறத்தில் பனை உழவாரன் என்னும் சிறு பறவை தன் எச்சிலால் கூட்டை ஒட்டிக் குஞ்சு பொரிக்கிறது. ஒன்பது பனை வீழ்ந்த அன்று மாலை, அந்தப் பறவைகள் வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்ததை நாம் பார்த்தோம்.

நிற்க. அன்று மாலையே தோட்டத்துக்குச் சொந்தக்காரரைத் தேடிப் போனோம். மனத்துக்குள் ஒரு பிரசங்கமே தயார் செய்து கொண்டு போனோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1978-ல் சர்க்கார் பனையைத் தமிழ்நாட்டின் மரமாக்கியது, 2021-ஆம் வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது, எல்லாம் அதில் இருந்தன. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மோர் கொண்டுவரச் சொன்னார்.

"வாத்தியாரய்யா, சட்டம் வெட்டாதே என்கிறது. சரி. ஏறுவதற்கு ஆள் தருமா?" என்று கேட்டார். "எங்கள் தகப்பனார் காலத்திலே இந்த நாற்பது மரத்திலும் பதநீர் இறங்கிற்று. இப்போது மூன்று வருஷமாய் ஏறுவாரில்லை. காய்ந்த மட்டை விழுகிறது, பழம் விழுந்து அழுகுகிறது. மகளுக்குக் காலேஜுக்குப் பணம் கட்ட வேண்டும். சூளைக்காரன் மரத்துக்கு ஒரு கொத்தனார் கூலி தருகிறேன் என்றான். அதுகூட இல்லாத மரத்தை நான் என்ன செய்ய?"

நம் பிரசங்கம் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. மோரைக் குடித்தோம். வேறு பதில் நம்மிடம் இல்லை.

மறுநாள், அந்தத் தோட்டத்தில் கடைசியாக ஏறிய பெரியவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய பேரன் நம் வகுப்பில் படிக்கிறான். திண்ணையில் முறுக்குத்தடியும் அருவாப்பெட்டியும் தூசி படிந்து கிடந்தன. "முப்பது மரம் காலையிலே, அதே முப்பது மரம் சாயங்காலம். பாளை சீவாமல் ஒரு நாள் விட்டால் மரம் கோவித்துக்கொள்ளும் ஐயா" என்றார். முழங்கால் இரண்டும் ஒத்துழையாமை செய்துவிட்டன. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். "ஏன் பெரியவரே, அவர் ஏறமாட்டாரா?" என்றோம். "ஏறத் தெரியும். ஆனால் நாங்கள் காய்ச்சுகிற கருப்பட்டி ஒரு விலை. சீனியைக் கலந்து காய்ச்சுகிற கருப்பட்டி பாதி விலை. வாங்குகிறவர்கள் எதை வாங்குகிறார்கள்? நீங்கள் எதை வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார்.

இதற்கு நாம் என்ன சொல்ல! நம் பாட்டி காலத்தில் வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான். சீனி விருந்தாளிக்கு மட்டும். இப்போதோ சீனி நமக்கு, கருப்பட்டி இருமலுக்கு. பனையைப் பற்றி ஒரு மணி நேரம் பையன்களுக்குப் பாடம் சொன்ன நாம், வருஷத்தில் ஒரு மணங்கு கருப்பட்டிகூட வாங்கியதில்லை.

இந்த விஷயத்தை நம் தேசத் தலைவர்கள் அறியாமலில்லை. காந்தியடிகள் 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் பனைவெல்லத்தைத் தன் தொழில்களில் ஒன்றாக ஏற்றது. குமரப்பா அவர்கள் இதற்காக அயராது வாதாடினார். கரும்புக்கு நல்ல நிலமும் நீரும் வேண்டும், பனைக்கு இரண்டும் வேண்டாம் என்பது வாதத்தின் சாரம். 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, கள் இறக்கியவர்களுக்குப் பதநீரும் வெல்லமும் மாற்று வழியாகக் கருதப்பட்டன. பாத்திரத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். அவ்வளவுதான் பேதம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. தடை சரியா தவறா என்ற சர்ச்சையில் நாம் இன்று இறங்கப் போவதில்லை. கள்ளை நிறுத்தினால் அந்த இடத்தில் பதநீரையும் கருப்பட்டியையும் உட்கார்த்தி வைக்க வேண்டியது நம் பொறுப்பாக இருந்தது என்பதையும், உட்கார்த்தி வைத்தது சீனியை என்பதையும் மாத்திரம் சொல்லுகிறோம். ஏறுவது நின்றது. ஏறாத மரம் பாரமாயிற்று. பாரமான மரத்தைச் சூளை விழுங்கிற்று.

நம் பனை, மடகாஸ்கர் பனையைப் போல இனமே அற்றுப்போகும் நிலையில் இல்லை. இந்தியாவிலுள்ள பனைகளில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் இருப்பதாகக் கணக்கு. ஆனால் வரிசை வரிசையாக நின்ற தோப்புகள் போகின்றன. பாளையை எந்தப் பக்கம், எவ்வளவு மெல்லிதாகச் சீவ வேண்டும் என்று அறிந்த கை போகிறது. மரம் போனால் கொட்டையை ஊன்றிக்கொள்ளலாம். அந்தக் கைத்திறனுக்குக் கொட்டை கிடையாது.

மடகாஸ்கர் பனைக்கு வேலி வேண்டும்; மனிதன் அதை நெருங்காமல் இருந்தால் பிழைக்கும். ஆப்பிரிக்கப் பனைக்கு யானை வேண்டும். நம் பனைக்கோ மனிதன் நெருங்க வேண்டும். ஒன்றைக் காக்கும் உபாயம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. 'தொடாதே' என்ற சட்டம் மட்டும் போட்டு நம் பனையைக் காக்க முடியாது என்பதே அந்தச் சொந்தக்காரர் நமக்குக் கற்பித்த பாடம். சட்டம் வேண்டியதுதான். ஆனால் அது வெட்டும் கையைத் தடுக்கும். ஏறும் காலைக் கொடுக்காது.

ஆகவே நம் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களில் பன்னிரண்டு குடும்பத்தார் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அடுத்த தை முதல் ஆனி வரையில், கலப்பில்லாத கருப்பட்டியை அதற்குரிய விலை கொடுத்து மாதந்தோறும் வாங்கிக்கொள்வது என்பது ஏற்பாடு. பெரியவரின் கையில் கொஞ்சம் முன்பணமும் கொடுத்தோம். அவர் மகனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். தோட்டத்துக்காரரும் மிஞ்சிய முப்பத்தோரு மரங்களையும் அடுத்த பருவம் முடியும்வரை விற்பதில்லை என்று வாக்களித்திருக்கிறார். "ஆள் ஏறினால் நான் ஏன் விற்கிறேன்?" என்றார் அவர். மகன் வருவாரா? வந்தாலும் பன்னிரண்டு குடும்பம் ஒரு குடும்பத்தைத் தாங்குமா? கணக்குப் போட்டால் தாங்காது. ஐம்பது குடும்பமாவது வேண்டும். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். நேயர்கள் தங்கள் தங்கள் ஊரில் காப்பிக்கு எதைப் போடுகிறார்கள் என்று ஒரு முறை யோசித்துப் பார்க்கட்டும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முத்திரையைப் பார்த்துப் பெருமைப்பட்டால் போதாது, பொட்டலத்தை வாங்கவும் வேண்டும்.

இது புரட்டாசி. பழம் விழுந்து கொட்டை கிடைக்கும் காலம். சென்ற சனிக்கிழமை நம் பையன்களும் பெண்களும் சாக்கோடு புறப்பட்டு, ஒன்பது மரம் நின்ற கரையில் வரிசையாகக் குழி தோண்டிக் கொட்டை ஊன்றினார்கள். பெரியவர் தடியூன்றி வந்து, எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று காட்டினார். முதல் நாள் கேள்வி கேட்ட மாணவன், "ஸார், இது எப்போ பாளை விடும்?" என்றான். அவனையே கணக்குப் போடச் சொன்னோம். விரல் விட்டு எண்ணினான். "எனக்கு முப்பது வயசாகும், உங்களுக்கு அறுபதைத் தாண்டிவிடும் ஸார்" என்றான்.

உண்மைதான். அன்று நாம் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்போம். அந்தக் கரையில் முப்பது வயதுள்ள யாராவது ஒருவன் காலையில் பதநீர்க் கலயத்தோடு இறங்கி வந்தால், "வாத்தியாரய்யா, ஒரு பட்டை குடியுங்கள்" என்று நமக்கும் கொஞ்சம் ஊற்றுவான் என்று நம்புகிறோம்.